தண்ணீருக்கும் ஒரு மணி

(தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)



பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள், ஒழுக்கத்தைப் பேசுவார்கள், தாய்மொழியைப் பேசுவார்கள். அவையெல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் நான் இன்று தண்ணீர் குடிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "என்னங்க இது, தண்ணி குடிக்கிறதுக்குமா மேடை போட்டுச் சொல்லித் தரணும்?" என்று பின்வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், தவறில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தச் சுவரில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வளர்ந்த மனிதனின் உடல் எடையில் 100க்கு ஏறக்குறைய 60 பங்கு தண்ணீர் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆகவே நான் சுவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

விவேகப் போத்தல்

இந்தப் பேச்சுக்குக் காரணம் இந்தப் பரிசு மேசைதான். புத்தகங்களுக்கும் அகராதிகளுக்கும் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. அதைப் பார்த்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, இது ஸ்மார்ட் போத்தலா?" என்று என்னிடம் கேட்டான். பிள்ளைகள் இணையத்தில் எல்லாவற்றையும் பார்த்து விடுகிறார்கள். நல்ல கேள்வி. அவன் கேட்டதை எல்லோருக்கும் விளக்கிச் சொல்லுகிறேன்.

ஸ்மார்ட் போத்தலை நாம் விவேகப் போத்தல் என்று சொல்லலாம். அமெரிக்காவில் சில இளைஞர்கள் 2015ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி 'ஹைட்ரேட் ஸ்பார்க்' என்ற பெயரில் இத்தகைய போத்தல் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதன் பிறகு பல நிறுவனங்கள் செய்கின்றன. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. சில வகைகளில் போத்தலின் அடியில் ஒரு சின்னஞ்சிறு தராசு இருக்கிறது. நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தால், முன்பிருந்த எடைக்கும் இப்போதிருக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை அது கணக்குப் பார்க்கிறது. ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லிலிட்டர் குடித்தாயிற்று. வேறு சில வகைகளில் உள்ளே ஒரு குச்சி இருந்து நீர் மட்டத்தை உணருகிறது. அந்தக் கணக்கு கம்பியில்லாமல் கைப்பேசிக்குப் போகிறது. நெடுநேரம் குடிக்காமல் இருந்தால் போத்தல் விளக்குப் போட்டு, "ஐயா, என்னைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்று நினைவூட்டுகிறது.

கெட்டிக்காரத்தனமான கருவிதான், நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, வேலை மும்முரத்தில் தண்ணீரை மறந்து போகிறவருக்கு அது உதவும். சிறுநீரகக் கல் வந்து, "நிறையக் குடியுங்கள்" என்று டாக்டர் சொன்னவருக்கும் உதவும். ஆனால் நல்ல வகையாக வாங்கினால் இருநூறு, முந்நூறு வெள்ளி ஆகிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆக்கினார்கள். மாதம் 26 நாள் வேலை என்று வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. அப்படியானால் ஒரு போத்தலுக்கு மூன்று நான்கு நாள் உழைப்பு! அத்தனை காசு கொடுத்து வாங்கினாலும் அந்தப் போத்தலுக்குத் தெரியாத விஷயங்கள் பல இருக்கின்றன. தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாலும் அது நாம் குடித்ததாகவே எழுதிக் கொள்ளும். நாம் எவ்வளவு வியர்வை சிந்தினோம் என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் ஏன் குடிக்கவில்லை என்பது அதற்குத் தெரியவே தெரியாது. என் பேச்சு அந்த 'ஏன்' என்பதைப் பற்றியதுதான்.

எட்டு டம்ளர் கணக்கு

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வோம். "ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கணுமாமே, உண்மையா?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. 1945ஆம் ஆண்டு அமெரிக்க உணவுக் குழு ஒன்று, மனிதனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் நீர் வேண்டும் என்று எழுதியது. அதோடு, அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்து விடுகிறது என்றும் எழுதியிருந்தது. முதல் வாக்கியம் உலகமெல்லாம் சுற்றி வந்தது. இரண்டாவது வாக்கியத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள்! 2002ஆம் ஆண்டில் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக அறிஞர் பழைய நூல்களையெல்லாம் புரட்டிப் பார்த்து, எட்டு டம்ளர் கட்டாயம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பேசியது மிதமான தட்பவெப்பத்தில், அதிகம் ஓடியாடாத, நோயற்ற பெரியவர்களைப் பற்றி. ஜெம்போலில் செம்பனைக் குலை வெட்டுகிறவரைப் பற்றி அல்ல. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு நாளொன்றுக்கு 6 முதல் 8 டம்ளர் வெறுந்தண்ணீர் குடிக்கும்படி சொல்கிறது. வீட்டில் இருப்பவருக்கு அது நல்ல வழிகாட்டி. வெளிக்காட்டு வேலை செய்கிறவருக்கு அது போதாது. கடும் வெயிலில் கடுமையாக வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போகலாம். சோறு தின்று ஈடு செய்யக்கூடிய நஷ்டமா அது?

பால்மரம் சொல்லும் பாடம்

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள். அவர்களை ஒன்று கேட்கிறேன். ஏன் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனீர்கள்? பத்து மணிக்கு ஆற அமரப் போயிருக்கலாமே? "வெயில் ஏறிட்டா பால் எறங்காதுங்க" என்று உடனே சொல்வீர்கள். சரியான பதில்! மரம் இரவில் வேர் வழியாக நீரை இழுத்து நிரப்பிக் கொள்கிறது. விடியற்காலையில் அதன் பால்குழாய்கள் நிறைந்து, அழுத்தத்தோடு இருக்கின்றன. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன, அழுத்தம் இறங்குகிறது, பாலும் குறைகிறது. பாலில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான்.

ஆக, தண்ணீர் இல்லாவிட்டால் மரம்கூட வேலை செய்யாது என்பதைத் தோட்டத்து நிர்வாகம் நன்றாக அறிந்திருந்தது. அதற்காகவே பெரட்டு நேரத்தை வைத்தார்கள். பாலை ஸ்டோருக்குக் கொண்டு வந்தால் எடை பார்த்தார்கள். அதோடு விட்டார்களா? மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலுக்குள் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்த்தார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் பிடித்து விடுவார்கள்!

பெரியோர்களே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாலில் உள்ள தண்ணீரை அளக்க அந்தக் காலத்திலேயே கருவி இருந்தது. பால் எடுத்தவரின் உடம்பிலிருந்து போன தண்ணீரை யாரும் அளக்கவில்லை. அவரே அளந்து பார்க்கவில்லை. விடியற்காலை ஒரு மங்கு வரக்கோப்பி. பிறகு பசியாறும்போது போத்தலில் கொஞ்சம் தேத்தண்ணி. பால் எடுத்து முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிறாரத் தண்ணீர். இப்படியே முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிப் போயின.

இன்று நம் மாநிலத்துத் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை நிறைந்து விட்டது. நம் பிள்ளைகளில் பலர் செனவாங், நீலாய் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். வேலை மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஏன் குடிக்கவில்லை?

வெளிக்காட்டு வேலை செய்யும் ஒரு தாயிடம், "ஏம்மா, தண்ணி கொண்டு போகலியா?" என்று கேட்டேன். "கொண்டு போறேங்க. குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். எங்க போறது? ஆம்பளைங்க நடமாடுற எடம். பாம்பு வேற. அதான் வாயை நனைச்சிக்கிறதோட சரி" என்றார். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னார்: "அடிக்கடி எழுந்து போனா சூப்பர்வைசர் ஒரு மாதிரியா பார்ப்பாருங்க. அதனால குடிக்கிறதில்ல." ஒரு மாணவியைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டாய்லட்டுக்குப் போகப் பிடிக்கல ஐயா. வாடை அடிக்குது." இது ஏதோ ஒரு தோட்டத்தின், ஒரு பள்ளியின் குறை என்று நினைக்க வேண்டாம். ஊர் ஊருக்கு இதே கதைதான்.

மூன்று பேரும் மறந்துபோய்க் குடிக்காமல் இருக்கவில்லை. நன்றாக நினைத்துப் பார்த்து, தெரிந்தேதான் குடிக்காமல் இருக்கிறார்கள். போத்தல் விளக்குப் போட்டால் இவர்களுக்கு என்ன பயன்? இவர்களுக்கு வேண்டியது விவேகப் போத்தல் அன்று. கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு சுத்தமான கழிப்பறை.

அதற்குக் கொடுக்கும் விலை சிறியதன்று. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் பெண்களுக்கு நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். கல் உண்டாகும். பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் தலைவலியும் வரும். அதற்கும் மேலே போனால் சிறுநீரகமே கெடும்.

மத்திய அமெரிக்காவில் நிக்காராகுவா, எல் சல்வடோர் என்று இரண்டு நாடுகள் இருக்கின்றன. அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த வாலிபர்கள், சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாதவர்கள், முப்பது நாற்பது வயதிலேயே சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை வட்டாரங்களில் 1990ஆம் ஆண்டுகளிலிருந்து நெல் விவசாயிகளிடையே இதுபோன்ற நோய் காணப்பட்டது. ஆந்திராவில் உத்தானம் என்ற பகுதியிலும் உண்டு. எல்லா இடத்திலும் காரணம் ஒன்றே என்று மருத்துவ உலகம் முடிவு சொல்லவில்லை. குடிநீரின் தரம், பூச்சிமருந்து முதலியவற்றையும் ஆராய்கிறார்கள். ஆனால் கரும்புத் தோட்டங்களைப் பொறுத்தவரை வெயில், ஓய்வில்லாத உழைப்பு, நீர் இழப்பு ஆகியவை முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் முறையாகக் கொடுத்த இடத்தில் தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் பரிசோதித்தபோது, நீர் இழப்பின் அடையாளங்களையும், சிலரிடம் சிறுநீரகச் செயல் குறைவையும் கண்டார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததும் அங்கே ஒரு காரணமாகப் பேசப்பட்டது. கடல் தாண்டியும் நம் தாய்மார்களின் கதை ஒன்றாகத்தான் இருக்கிறது!

கேட்பது பிச்சையன்று

தொழிலாளத் தோழர்களே, வேலையிடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் கேட்பது சலுகை கேட்பதாகாது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் போதுமான குழாய் நீரை முதலாளி இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. வேலையிடத்தில் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. வெப்பத்திலிருந்து தொழிலாளரைக் காப்பதற்கென்றே தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2016இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2005ஆம் ஆண்டிலேயே, திறந்த வெளியில் வேலை செய்வோருக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிநீரும் நிழலும் வைக்க வேண்டும் என்று விதி செய்தது.

தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்று சேர்ந்து உருவானது. அதை முன்னின்று நடத்திய பி. பி. நாராயணன் தொழிற்சங்கப் பணியில் இறங்கியது நம் நெகிரி செம்பிலானில்தான். கூலிக்கும் வீட்டுக்கும் போராடிய அந்தப் பரம்பரையில் வந்த நாம், வேலைக்காட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், நடமாடும் கழிப்பறையும் வேண்டுமென்று கேட்கக் கூச்சப்படலாமா? தனியாகக் கேட்டால் முணுமுணுப்பு. கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கேட்டால் கோரிக்கை. பக்கத்து நிரையில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் இந்தோனேசியத் தம்பிக்கும் சேர்த்தே கேளுங்கள். தாகத்துக்கு நாடு கிடையாது.

எதைக் குடிப்பது?

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 'ஐயா, நான் தாகத்துக்கு நல்லாத்தான் குடிக்கிறேன்' என்பவர்கள் எதைக் குடிக்கிறார்கள்? காலையில் பால் கொட்டிய தே தாரிக். பத்து மணிக்கு டின்னில் அடைத்த கலர் தண்ணி. மத்தியானம் சீராப் பண்டோங். விவேகப் போத்தலில் சீராப் ஊற்றிக் குடித்தாலும் அது "சபாஷ், இன்றைய அளவு முடிந்தது" என்றுதான் சொல்லும்!

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 100க்கு 31 பேர். அதாவது மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். சர்க்கரை நோய்தான் இந்த நாட்டில் மக்களை டயாலிசிஸ் இயந்திரத்துக்கு அனுப்பும் முதல் காரணம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தச் சபையிலேயே யாருடைய உறவினராகவாவது இருப்பார்கள். சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. பின்னர் அதை உயர்த்தியது. வரி பானம் தயாரிப்பவருக்கு. நம் நாக்குக்கு நாமேதான் வரி போட வேண்டும்.

நமக்கென்று நல்ல பானங்கள் இல்லையா? மாரியம்மன் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறோமே! தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்ந்த அந்த நீர்மோர், வியர்த்தவனுக்கு எத்தனை நல்லது! திருவிழாவுக்கு மட்டும் பந்தல் போடுவானேன்? வீட்டில் நாள்தோறும் போடலாம்.

சில எச்சரிக்கைகள்

குடி குடி என்று சொல்லிவிட்டு, அபாயங்களைச் சொல்லாமல் போகக்கூடாது.

முதலாவது, அளவு. வெயிலில் வேலை செய்கிறவர்கள் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குடிப்பது நல்லது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தாகம் எடுக்கும்போது உடம்பு ஏற்கெனவே நீரை இழந்திருக்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரேயடியாக மொடக்கு மொடக்கென்று குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் மயக்கமும் வலிப்பும் வரலாம்.

இரண்டாவது, நோயாளிகள். இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்க வேண்டும். என் பேச்சைக் கேட்டு அளவைக் கூட்டி விடாதீர்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, வயிற்றுப்போக்கு. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் மருந்து நீர் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 பேர் இறந்து கொண்டிருந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது. கிளினிக்கில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் அதே வழியில் வந்ததுதான். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அதற்கு மேல் உப்பு வேண்டாம். இதைத் தாய்மார்கள் மனத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

நான்காவதுதான் மிகப் பெரிய அபாயம். குடிக்கிற போத்தலில் மருந்தை ஊற்றி வைக்காதீர்கள்! பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. 2002இல் தடை என்றார்கள். 2006இல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அடியோடு தடை செய்து விட்டார்கள். அது ஒழிந்தாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. 'கொஞ்சம்தானே' என்று ஆரஞ்சுப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்தால், விளையாடிவிட்டு ஓடி வரும் பிள்ளைக்கு அது மருந்தா, பானமா என்று எப்படித் தெரியும்? தண்ணீர்ப் போத்தல் தண்ணீருக்கு மட்டுமே.

பள்ளிக்கூடத்தில் ஒரு மணி

இனி மாணவச் செல்வங்களுக்கு. 2023 ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கினால் உயிரிழந்தான். உங்கள் வயதுதான். நம் வானிலை இலாகா, தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை என்றும், 37க்கு மேல் 40 வரை என்றால் வெப்ப அலை என்றும், 40க்கு மேல் போனால் கடுமையான நிலை என்றும் வகுத்திருக்கிறது. வெப்பத்தைப் பற்றிய அறிவிப்பு வரும் நாட்களில் திடலில் ஓடக்கூடாது என்று ஆசிரியர் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

கேரளத்தில் 2019ஆம் ஆண்டு பள்ளிக்கூடங்களில் 'தண்ணீர் மணி' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பாடம் மாறுவதற்கு மணி அடிப்பதுபோல், தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடித்தார்கள். மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் போத்தலை எடுக்க வேண்டும். கர்நாடகமும் அதே ஆண்டில் அந்த வழியைப் பின்பற்றியது. தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டில், காலை 11 மணி, பகல் 1 மணி, மாலை 3 மணி என்று மூன்று முறை மணி அடிக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை அறிவித்தது. முந்நூறு வெள்ளிப் போத்தல் செய்யும் வேலையை ஒரு வெண்கல மணி முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் செய்து விடுகிறது! அதோடு, எல்லோரும் சேர்ந்து குடிக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது.

தலைமையாசிரியர் அவர்களை நான் பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். காலை எட்டரைக்கு ஒன்று, ஓய்வு நேரத்தில் ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று என மூன்று மணி நம் பள்ளியிலும் அடிக்கலாமே! ஆனால் மணி அடித்துவிட்டுக் கழிப்பறையைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை. குடித்த பிள்ளை "டீச்சர், போகணும்" என்றால் அனுப்ப வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, கழிப்பறைக் கதவையும் தாழ்ப்பாளையும் குழாயையும் பார்த்துச் செப்பனிட வேண்டும். விழாவுக்குப் பந்தல் போட ஆள் வருகிறார்கள், இதற்கும் வரவேண்டும்.

மாணவர்களே, விவேகப் போத்தலை நீங்களே செய்து கொள்ளலாம். அரை லிட்டர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள். அதன் கழுத்தில் மூன்று ரப்பர் வளையங்களை மாட்டுங்கள். ஒரு போத்தல் குடித்து முடித்ததும் ஒரு வளையத்தை அடிப்பக்கம் இறக்குங்கள். மாலையில் மூன்றும் இறங்கி விட்டால் ஒன்றரை லிட்டர். உங்கள் வயதுக்கு, சாப்பாட்டில் கிடைக்கும் நீரோடு சேர்த்துப் பார்த்தால் அது தாராளமாகப் போதும். ஓடி ஆடி விளையாடிய நாளில் இன்னொரு வளையம். உங்கள் தாத்தா வெட்டிய மரத்தின் பாலில் வந்த பொருள், பேரன் குடித்த தண்ணீருக்குக் கணக்கு எழுதட்டும்! ஒரு மாதம் குறித்து வைத்து, சராசரி என்ன என்று கணிதப் பாடத்தில் போட்டுப் பாருங்கள்.

கைப்பேசி வேண்டாத இன்னொரு சோதனையும் உண்டு. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் வெளிறி இருந்தால் நலம். தேத்தண்ணி நிறத்துக்குக் கறுத்துப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று பொருள். குடித்த பிறகும் அப்படியே இருந்தாலோ, சிவந்து போனாலோ, வலித்தாலோ அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சில மாத்திரைகளும் சத்து மருந்துகளும் நிறத்தை மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரியோர்களே, நம் முன்னோர் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தபோது ஆற்று நீரையும் கிணற்று நீரையும் குடித்து, காய்ச்சலிலும் பேதியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் குழாயைத் திறந்தால் சுத்திகரித்த நீர் வருகிறது. இன்னும் சில தோட்டங்களில் வராமல் இருந்தால், வரும்வரை கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். வந்த இடத்தில் அதைக் குடிக்காமல் அடக்கிக் கொண்டிருப்பது எவ்வளவு பெரிய குறை! அந்தக் குறையைத் தனி ஆளின் சோம்பல் என்று தள்ளி விடாதீர்கள். குடிக்க வசதி, போக இடம், நிற்க நிழல், இளைப்பாற நேரம் ஆகிய நான்கும் இருந்தால் மனிதன் தானாகக் குடிப்பான்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பரிசு வாங்காத பிள்ளைகளுக்கு அதைவிட அதிக வாழ்த்துகள். உங்களுக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. நீங்கள் படித்து டாக்டராகவும் பொறியியலாளராகவும் ஆகி, இதைவிட நல்ல போத்தல்களைக் கண்டுபிடிப்பீர்கள். அப்போது உங்கள் அம்மா வேலை செய்த காட்டையும் மறந்து விடாதீர்கள். அங்கே ஒரு கழிப்பறை கட்டச் சொல்லிக் குரல் கொடுங்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். மண்டபம் புழுக்கமாக இருக்கிறது. விசிறிகளும் மெதுவாகத்தான் சுற்றுகின்றன. அடுத்த நிகழ்ச்சி தொடங்குமுன் எல்லோரும் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.